நான்கு தட்டு மௌனம்

ஏகாம்பரத்துக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. அந்த ஒரு குணத்தால் ஐம்பத்து நாலு வயதுக்குள் அவர் சேர்த்துவைத்தது தீராத இடுப்பு வலியும், மலாக்கா ஊரில் இருந்த அத்தனை பாட்டுக் குழுக்களின் சிநேகமும்தான். பகலில் அவர் தண்ணீர்க் குழாய்க்கு மனுப் போடுகிறவர்களின் பேரையும் விலாசத்தையும் எழுதும் குமாஸ்தா. ஐந்து மணிக்கு மேல் ஊர்ச்சொத்து. பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவா, சங்கத்தில் பாராட்டுக் கூட்டமா, தேவாலயத்தில் கிறிஸ்துமஸா, நம்ம ஏகாம்பரம் இருக்கிறாரே என்று காஜா பேராங்கில் இருந்த அவர் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிடுவார்கள்.

அவர் செய்துகொடுக்கும் வேலை இதுதான்: ஒருவர் பாடுகிற பாட்டைப் பலர் சேர்ந்து பாடும்படி பிரித்து எழுதுவது. பெண்களில் உச்சக்குரலுக்கு ஒரு வரி, தாழ்ந்த குரலுக்கு ஒரு வரி, ஆண்களுக்கும் அப்படியே இரண்டு. நாலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது ஒன்றன் காலை ஒன்று மிதிக்கக் கூடாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பாட்டு வாத்தியார் பிடித்து இழுத்துத் தேவாலயக் குழுவில் நிறுத்தியதால் ஒட்டிக்கொண்ட வித்தை. செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்று மாட்டுக்கொட்டிலில் பிறந்த பாலகனைப் பாடியதை அவருடைய அப்பா சாகும்வரை மன்னிக்கவில்லை. ஆனாலும் இருபத்தெட்டு டிசம்பர்களாக அந்தத் தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் பாட்டுகளை நாலு குரலுக்கு எழுதிக் கொடுப்பவர் அவர்தான். எந்தப் பிரதியிலும் அவர் பேர் இருந்ததில்லை, அவரும் கேட்டதில்லை.

நாடு சுதந்திரம் வாங்கிய ஐம்பத்தேழாம் வருடம் இந்தச் சிநேகம் தலைக்குமேல் ஏறிவிட்டது. கொண்டாட்டத்தின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பண்டார் ஹிலிர் திடலில் ஒவ்வொரு சமூகத்தாரும் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று விழாக் கமிட்டி தீர்மானித்தது. தமிழர்கள் பக்கத்துக்கு அண்ணாமலை செயலாளர். ஓடி ஆடி வேலை வாங்குவதில் மன்னன்; தான் மட்டும் ஒரு வேலையும் செய்ய மாட்டார். மார்ச் மாதமே ஏகாம்பரத்தின் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, சினிமாப் பாட்டு கூடாது, கீர்த்தனை கூடாது, மண்வாசனையோடு ஒரு நாட்டுப்பாட்டு வேண்டும், முப்பது பேர் நாலு குரலில் பாட வேண்டும், நாலு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று நாகம்மை கொடுத்த காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நாகம்மை ஏகாம்பரத்தின் மனைவி. செயலாளர் தெருமுனை தாண்டியதும், இந்த மனுஷனுக்கு வாயில் கொழுக்கட்டையா என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள். ஏகாம்பரம் வழக்கம்போலச் சாய்வுநாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டைத் தேடி அவர் எங்கும் போகவில்லை. போகத் தெம்பும் இல்லை. அது அடுத்த வீட்டுப் பின்கட்டிலிருந்து தானாகவே வந்துகொண்டிருந்தது.

அடுத்த வீடு ருக்மணியுடையது. மலாக்காச் செட்டி வம்சம். சாமி நம் சாமி, பொங்கலும் பூசையும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். பலகாரம் செய்து விற்கிற வீடு. அரிசி மாவு நாள்தோறும் வேண்டும். அந்த மாவைத் திருகையில் அரைத்துக் கொடுக்கக் காலையில் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள் பூங்காவனம். குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவள். சண்டை முடிந்த பிறகு தனியாளாக டவுனுக்கு வந்து, நாலு வீட்டில் அரைத்தும் இடித்தும் காலம் தள்ளுகிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் காசளவு குங்குமம். கல் சுற்ற ஆரம்பித்தால் பாட்டும் ஆரம்பித்துவிடும்.

கல்லு மேல கல்லு சுத்த – என்
கண்ணு ரெண்டும் தூங்கலையே
வெள்ளி மொளைக்கும் நேரத்திலே
வேல செய்யப் போனாரே

ஏகாம்பரம் ஆபீசுக்குக் கிளம்புமுன் ஜன்னலோரம் நின்று பென்சிலால் எழுதிக்கொண்டார். இந்த மாதிரிப் பாட்டை எழுதுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திருகை அரைக்கிறவள் குழியில் ஒரு பிடி அரிசி போட வேண்டும், ஓரத்தில் வழிந்த மாவைத் தள்ள வேண்டும். அப்போதெல்லாம் கல் நிற்கும், பாட்டும் நிற்கும். அரைகுறையாகத் தெரிந்தவன் அந்த இடைவெளியையும் பாட்டு என்று நினைத்து எழுதிவிடுவான். ஏகாம்பரம் பழம் தின்று கொட்டை போட்டவர். கல் நின்றதால் நின்ற இடங்களை எல்லாம் அடித்துவிட்டு, பாட்டை ஒழுங்காகக் கோத்தார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பென்சில் தயங்கியது. கடைசிக் கண்ணி அது. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களைப் பற்றியது.

தண்டவாளம் போடப் போன
தங்கவேலு போனானே
கூடப் போன சின்னையாவும்
கோவிந்தனும் போனானே
மூங்கிக்காட்டு மழையோட
மூக்கனுந்தான் போனானே
வாசப்படி தாண்டையிலே…
…போனாரே

'தாண்டையிலே' என்றதும் குரல் நின்றுவிடும். ஆனால் கல் நிற்காது. நான்கு தாளத்தட்டு நேரம் திருகை மட்டும் கரகரவென்று சுற்றும். பிறகு 'போனாரே' என்று குரல் வந்து சேரும். பத்து நாள் கேட்டும் அது மாறவில்லை. கை ஓயாமல் குரல் மட்டும் ஓய்கிறதென்றால் அது மாவு தள்ளுகிற நேரம் அல்ல, பாட்டிலேயே உள்ள மௌனம் என்று ஏகாம்பரம் முடிவு கட்டினார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பாமர ஜனங்களுக்கு எப்பேர்ப்பட்ட ஞானம் என்று நாகம்மையிடம் சொன்னார். அவள் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மௌனத்தை அவர் எடுப்பாக எழுதினார். கடைசிக் கண்ணியைப் பூங்காவனமே தனியாகப் பாடுவாள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று கீழே இழுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடம் வந்ததும் முப்பது பேரும் சட்டென்று நிற்க வேண்டும். நான்கு தட்டு. இலை விழுந்தாலும் கேட்க வேண்டும். அப்புறம் அவள் 'போனாரே' என்பாள். அங்கிருந்து நாலு குரலும் எழும்பி முடிக்கும்.

வைகாசியில் ஒத்திகை தொடங்கியது. பள்ளிக்கூட மண்டபத்தில் வாரம் மூன்று சாயங்காலம். ஆபீஸ் முடிந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், கரடுமுரடான முப்பது தொண்டைகளைப் படியவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கட்டைக்குரல் பாடிய கணேசமூர்த்தி ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வர மாட்டார். தாழ்ந்த பெண்குரலில் நின்ற ருக்மணிக்கு ஒரு சொல்லும் புரியாது. தமிழ் வரிகளை மலாய் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சுத்தமாகப் பாடினாள். முதன்முதலில் அந்த மௌனம் வந்தபோது பாட்டு முடிந்துவிட்டதாக நினைத்து, "சுடா ஹாபிஸ்?" என்று பக்கத்தில் மலாயில் கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மௌனம் வரும்போதெல்லாம் திரும்பி முப்பது பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். மேடைப் பழக்கம் இல்லாத பெண், கூச்சம் என்று ஏகாம்பரம் நினைத்துக்கொண்டார்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, இசை தெரிந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியைக் கமிட்டி அழைத்துவந்தது. எல்லாச் சமூகத்தார் பாட்டையும் அவர் கேட்டார். தமிழர் பாட்டு முடிந்ததும் எழுந்து வந்து ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, அந்த நிசப்தத்தை எழுதியது யார் என்று கேட்டார். தன் முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஓர் இடத்தை நாட்டுப்பாட்டில் கேட்டதில்லை என்றார். அண்ணாமலை அதை உடனே தமிழில் மொழிபெயர்த்து, தன் பங்குக்கு இரண்டு வாக்கியம் சேர்த்து மண்டபம் முழுவதும் பரப்பினார். ஏகாம்பரத்துக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வாழ்நாளில் அவர் வேலையை ஒருவர் அவர் வேலை என்று தெரிந்து பாராட்டியது அதுதான் முதல் தடவை. இடுப்பு வலிகூட அன்றைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

அன்று எல்லோரும் போன பிறகு பூங்காவனம் படிக்கட்டில் காத்துக்கொண்டு நின்றாள். முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, அந்த இடத்தில் எல்லோரும் எப்போது சொல்லப்போகிறார்கள் என்று கேட்டாள். எதைச் சொல்ல வேண்டும் என்று ஏகாம்பரம் திருப்பிக் கேட்டார்.

"பேருங்க ஐயா."

யார் பேர் என்று கேட்க வாய் திறந்தவருக்கு அவளுடைய குங்குமத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. தங்கவேலு, சின்னையா, கோவிந்தன், மூக்கன் எல்லோரும் போனார்கள். அவர்களோடு அவள் புருஷனும் போனான். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும். தோட்டத்து லயத்தில் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து அரைத்தபோது, அவள் நிறுத்துகிற இடத்தில் மற்றவர்கள் அவன் பேரைப் போட்டுப் பாடினார்கள். டவுனில் அவளோடு அரைக்க ஆள் இல்லை. அதனால் அவள் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கல்லை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டையைத்தான் ஏகாம்பரம் ஞானம் என்று எழுதி, வெள்ளைக்காரர் கையால் குலுக்கல் வாங்கியிருக்கிறார்.

பூங்காவனம் மெல்ல மெல்லச் சொன்னாள். நாற்பத்து மூன்றில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போன தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போன காலம், மனிதர்களை விடுவார்களா? மற்ற நாலு பேரும் செத்ததைப் பார்த்ததாகத் திரும்பி வந்த ஒருவன் சொன்னான். இவனைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. பதினாலு வருடமாக அவள் குங்குமம் வைத்துக்கொண்டு கேலிப்பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"அன்னிக்கி ஊரு சனமெல்லாம் திடலுக்கு வரும். தோட்டத்து ஆளுங்க லாரி லாரியா வருவாங்க. எட்டு எடத்துல ஒலிபெருக்கி கட்டறாங்களாம். முப்பது பேரு சேந்து அவரு பேரச் சொன்னா, கூடப் போனவங்க யாராச்சும் இருந்தா காதுல விழும்ல? வந்து ஒரு வார்த்த சொல்வாங்கல்ல? அதுக்குத்தாங்க நான் பாட ஒத்துக்கிட்டேன். கடைசியில சேத்துக்குவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஏகாம்பரம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். எழுதியதை மாற்ற வேண்டும். மெழுகுத் தாளில் வெட்டி முப்பது பிரதி எடுத்து, முப்பது பேருக்கும் பழக்கியாகிவிட்டது. இன்றைக்குத்தான் ஒரு மனிதர் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேர் என்னவென்று தெரிந்தால்தானே சேர்க்க முடியும், குறிப்பாவது சொல் என்றார். மலைமேல் நிற்கிற சாமி பேர் என்றாள் அவள்.

முருகனுக்கா பேர் பஞ்சம்? ஏகாம்பரம் விரல்விட்டு அடுக்கினார். பழனியா? இல்லை. வேலாயுதமா? இல்லை. கந்தசாமி, ஆறுமுகம், சண்முகம், முருகேசன். ஒவ்வொன்றுக்கும் அவள் சின்னப் பெண்போல ஆவலாக முகத்தைத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு தலையை ஆட்டுவாள். தண்டபாணி, கார்த்திகேயன். அதுவும் இல்லை. இருட்டப் பார்த்தது. அவருக்குப் பசி, அசதி, வீட்டுக்குச் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்ற மலைப்பு. இன்னும் நாலு பேரைச் சொல்லிப் பார்த்திருந்தால் அதுவும் வந்திருக்கும். அவர் எழுந்து வேட்டியில் மண்ணைத் தட்டினார்.

பூங்காவனமே வழி சொன்னாள். குருபோங்கில் சீதா அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள், பழைய தோட்டத்துக்காரி, கால் விழுந்து படுத்த படுக்கை. அவளுக்கு எல்லாம் தெரியும். தான் போய்க் கேட்டு என்ன பயன், திரும்பி வந்து தன் வாயால் சொல்ல முடியாதே. அங்கே எழுதத் தெரிந்தவர்களும் இல்லை. ஐயா ஒரு எட்டுப் போய்க் கேட்டு வந்தால் போதும். ஏகாம்பரம் ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றார். அவருக்குத்தான் முடியாது என்று சொல்ல வராதே.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போகலாம் என்று சட்டையைக்கூட மாட்டிவிட்டார். அப்போது தேவாலயத்துப் பாட்டுக் குழு அப்பாசாமி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நின்றார். இந்த வருடம் ஐந்து பாட்டு வேண்டுமாம். அதில் ஒன்று தாலாட்டு மெட்டு. அன்னை மரியாள் பாலகனைத் தூங்கவைக்கிற பாட்டு. அதை மட்டும் இன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிட்டால் மற்றது மெல்லப் பார்த்துக்கொள்ளலாமாம். டிசம்பருக்கு இன்னும் மூன்று மாதத்துக்குமேல் கிடக்கிறது என்று ஏகாம்பரத்துக்குத் தெரியாதா? தெரியும். பஸ் ஏறி, வெயிலில் நடந்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருத்தியிடம் இன்னொருத்தியின் புருஷன் பேரைக் கேட்பதைவிட, மேசையில் உட்கார்ந்து கோடு போட்டுச் சுரம் எழுதுவது சுலபமாக இருந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாயங்காலம்வரை மரியாளும் பாலகனும் நாலு குரலில் அழகாகத் தூங்கினார்கள்.

மறுநாள் காலையில் திருகைச் சத்தம் நின்றது. பூங்காவனம் மாவுக் கையோடு ஜன்னலுக்கு அந்தப்புறம் வந்து, போனீர்களா என்று கேட்டாள்.

"பாத்துக்கலாம், பூங்காவனம்," என்றார் ஏகாம்பரம்.

பாத்துக்கலாம் என்றால் நம்மில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். செய்ய மாட்டேன், ஆனால் உன் முகத்துக்கு எதிரே சொல்லத் தைரியமில்லை என்று அர்த்தம். பூங்காவனம் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நாலு எழுத்துப் படித்தவர், ஆபீசில் வேலை பார்க்கிறவர், பார்த்துக்கொள்ளலாம் என்றால் பார்த்துக்கொள்வார் என்று நம்பினாள். முகம் மலர்ந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு நடந்த இரண்டு ஒத்திகையிலும் அந்த இடத்தில் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஏகாம்பரத்துக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் சரியில்லை. நாளைக்கு ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டுக் குருபோங்குக்குப் போய்விடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பார். ஒவ்வொரு நாளும் மனுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். போதாததற்கு, அந்த நிசப்தத்துக்காகவே தான் வந்து உட்காரப்போவதாக வெள்ளைக்கார அதிகாரி கடிதம் போட்டிருந்தார். அதை அண்ணாமலை கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார். எப்படியாவது விழா ஞாயிற்றுக்கிழமை வந்து, இந்தத் தலைவலி ஒழிந்தால் போதும் என்றிருந்தது ஏகாம்பரத்துக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை திடலில் எள் போட இடமில்லை. பூங்காவனம் சொன்னதுபோலவே தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஜனம். கையில் காகிதக் கொடி, தலையில் துண்டு, இடுப்பில் பிள்ளை. ஐஸ்தண்ணி விற்கிறவன் மணியை ஆட்டிக்கொண்டே இருந்தான். நாலரை மணிக்குத் தமிழர் பாட்டு என்று அறிவித்தார்கள். முப்பது பேரும் ஏறி நின்றார்கள். பூங்காவனம் யாரிடமோ இரவல் வாங்கிய பச்சைச் சேலையில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். ஏகாம்பரம் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை உயர்த்தினார்.

நல்லாத்தான் பாடினார்கள். கணேசமூர்த்திகூட அன்றைக்கு ஒழுங்காக நின்றார். கூட்டத்தின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கி, கடைசிக் கண்ணி வந்தபோது ஐஸ்தண்ணிக்காரனும் மணியை நிறுத்திவிட்டான். தங்கவேலு போனானே என்றாள் பூங்காவனம். எட்டு ஒலிபெருக்கியிலும் அவள் குரல் போய்த் திடலைச் சுற்றி வந்தது. சின்னையா போனான். கோவிந்தன் போனான். மூக்கன் போனான்.

"வாசப்படி தாண்டையிலே…"

ஏகாம்பரத்தின் கை வெட்டி நின்றது. முப்பது வாயும் மூடின. ஒன்று.

பூங்காவனம் மெதுவாகத் திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. முப்பது பேரும் சொல்லப்போவதைக் கேட்கத் தயாராக இருந்த முகம். இரண்டு.

அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. பழக்கியபடி ஏகாம்பரத்தின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களை விட்டு ஏகாம்பரத்தைப் பார்த்தாள். ஏகாம்பரம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மூன்று.

அவள் ஒலிவாங்கியின் பக்கம் திரும்பினாள். பாடவில்லை, சொன்னாள்.

"சுப்பையன்."

அவ்வளவுதான். எட்டு ஒலிபெருக்கியும் அதைத் திரும்பச் சொல்லின. 'போனாரே' என்பதை அவள் பாடவே இல்லை. பாட வேண்டிய நேரம் வந்து, தாண்டி, போய்விட்டது. ஏகாம்பரத்தின் கை அந்தரத்தில் நின்றது. முருகன் பேரில் அத்தனையும் சொல்லி, சுப்பையனை விட்டிருக்கிறார். கடைசியில் ருக்மணிதான் என்ன நினைத்தாளோ, தானாகவே தன் வரியை எடுத்தாள். மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு எப்படியோ கரை சேர்ந்தது. ஜனங்கள் நன்றாகவே கைதட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

மேடைக்குப் பின்னால் அண்ணாமலை குதித்தார். அத்தனை ஒத்திகையும் வீண், அந்த அம்மாள் நடுவில் எதையோ உளறிக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள், துரை முகத்தில் எப்படி விழிப்பது என்று கத்தினார். ஏகாம்பரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம், நீங்கள் சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பூங்காவனத்தைத் தேடிப் போனார்.

அவள் மேடையின் கீழே, மூங்கில் தட்டியை ஒட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். யாராவது வருவார்களா என்று பார்க்கிறாள் என்று தெரிந்தது. மேடையில் சீனப் பிள்ளைகள் பாட ஆரம்பித்திருந்தார்கள். ஏகாம்பரமும் அவள் பக்கத்தில் போய் நின்றார். ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று தொடங்கியது. தண்ணீர் கேட்டு ஒரு கிழவர் வந்தார். லாரி எங்கே நிற்கிறது என்று கேட்டு ஒரு பெண் வந்தாள். சுப்பையனைக் கேட்டு யாரும் வரவில்லை. நாளைக்கே குருபோங்குக்குப் போகிறேன், சயாமுக்குப் போய்த் திரும்பினவர்கள் எந்தெந்தத் தோட்டத்தில் இருக்கிறார்களோ அங்கெல்லாம் போய் விசாரிக்கிறேன் என்று ஏகாம்பரம் சொன்னார். செய்த தப்பு எவ்வளவு பெரியது என்று இப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. இந்தத் தடவை நிஜமாகவே போவேன் என்றார்.

பூங்காவனம் கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாங்க ஐயா. நீங்க யாராச்சும் சொல்லியிருந்தா, அவரு எங்கியோ இருக்காருன்னே நெனச்சுக்கிட்டு நான் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பேன்," என்றாள். "என் வாயாலயே சொல்ல வச்சிட்டீங்களே."

அவள் குரலில் கோபம் இல்லை. இரவல் சேலையின் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, லாரிகள் நின்ற பக்கமாக நடந்தாள்.